கண்ணாடி இல்லாத மானி

எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் ஒரு ரெஜிபோம் பெட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் மீன் ஏற்றி வந்த பெட்டி அது. இப்போது அதன் மூடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே 60 வாற்று மின்குமிழ் ஒன்று, சின்ன விசிறி ஒன்று, ஒரு தட்டில் தண்ணீர், ஒரு வெப்பமானி. உம்மா அதனை ‘மெஷின்’ என்றுதான் சொல்வார். ஊர்க்கோழி முட்டைகளை அதில் அடுக்கி, 21 நாட்கள் காவல் இருந்து, பொரித்த குஞ்சுகளை அயலவர்களுக்கு விற்பார். வாப்பா லொறி ஓட்டுகிறார். அவருடைய உழைப்பு வீட்டுச் செலவோடு முடிந்துவிடும். எங்கள் கொப்பி, சப்பாத்து, டியூஷன் காசு எல்லாம் அந்த மீன் பெட்டிக்குள் இருந்துதான் பொரித்து வர வேண்டும்.

அடைகாக்கும் கோழிக்கு வெப்பமானி தேவையில்லை. பெட்டிக்குத் தேவை. விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். முதல் 18 நாட்களும் ஈரப்பதன் நூற்றுக்கு 50 முதல் 55 வரை இருக்க வேண்டும். முட்டைகளை ஒரு நாளைக்குப் பல தடவை புரட்டவும் வேண்டும். புரட்டும் வேலைக்கு வாப்பா ஒரு வழி செய்து தந்திருந்தார். முட்டைகள் இருக்கும் சட்டத்தை வெளியிலிருந்தே ஒரு கம்பியால் இழுத்தால் எல்லாம் உருண்டு திரும்பும். வெப்பத்தைப் பார்ப்பதுதான் கரைச்சல். ஜன்னலில் ஆவி படிந்துவிடும். உம்மா இரவில் இரண்டு மூன்று முறை எழும்பி, மூடியைத் தூக்கி, டோர்ச் அடித்துப் பார்ப்பார். தூக்குகிற ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும்.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். பைதன் மொழி எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அந்தத் துணிச்சலில் ஒருநாள், “இனிப் பெட்டியத் திறக்க வேணாம் உம்மா. கம்ப்யூட்டர்ல பாத்தாப் போதும்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பெருநாள் காசைச் சேர்த்து ஓர் அர்டுயினோ பலகையும், டிஎச்டி 22 என்னும் உணரியும் வாங்கினேன். வெப்பத்தையும் ஈரப்பதனையும் இரண்டு செக்கனுக்கு ஒரு முறை அளந்து தரக்கூடிய சிறிய வெள்ளைப் பெட்டி அந்த உணரி. அளந்த எண்ணை அர்டுயினோ யூஎஸ்பி வயர் வழியாக எங்கள் பழைய மேசைக் கணினிக்கு அனுப்பும். திரையில் வெறும் எண்ணாக ‘37.4’ என்று காட்டுவது பத்து வரி வேலை. ஆனால் உம்மாவுக்குத் தூரத்தில் இருந்து எண் தெரியாது. முள் தெரியும். லொறியின் முன்னால் இருப்பதுபோல வட்டமான மானி ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பைதனுடன் சேர்ந்து வரும் டிகே-இன்டர் என்ற தொகுதியில் பொத்தான் உண்டு, எழுத்துப் பெட்டி உண்டு, இழுத்து நகர்த்தும் கோல் உண்டு. மானி இல்லை. நாமே வரைய வேண்டும். வரைவதற்கு ‘கேன்வஸ்’ என்ற வெற்றுத் தாள் ஒன்றைத் தருகிறது. அதில் ஒரு வில்லை வரைந்தேன். 25 பாகை செல்சியஸ் இடது பக்கம் கீழே, 45 பாகை வலது பக்கம் கீழே. இடையில் வில் 270 பாகை சுற்றுகிறது. ஆகவே வெப்பத்தின் ஒரு பாகைக்கு முள் வட்டத்தில் பதின்மூன்றரைப் பாகை திரும்ப வேண்டும். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதால் என் கொப்பியில் பெரிய குழப்பம். கடைசியில் ஒன்றுக்குச் சிவப்பு மை, மற்றதற்கு நீல மை என்று பிரித்துக்கொண்டேன்.

முள் எனக்கு ஒரு வாரம் பாடம் எடுத்தது. முதல் நாள் தலைகீழாக நின்றது. நாங்கள் கணிதப் பாடத்தில் மேல்நோக்கி அளக்கும் அச்சைத் திரை கீழ்நோக்கி அளக்கிறது. சைன் பெறுமானத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டதும் நிமிர்ந்தது. அடுத்த நாள் கண்டபடி சுழன்றது. கோணத்தை நான் பாகையில் கொடுத்தேன். பைதனின் சைன் அதை ஆரையனில் கேட்கிறது. மூன்றாம் நாள் ஒரு முள்ளுக்குப் பதிலாக ஒரு விளக்குமாறே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் புதிய கோடு வரைந்தேனே தவிரப் பழையதை அகற்றவில்லை. ஒரே கோட்டை வரைந்து, அதன் முனையை மாத்திரம் இடம் மாற்ற வேண்டும் என்று பிறகு விளங்கியது. நாலாம் நாள் திரையே உறைந்து போனது. அடுத்த அளவு வரும்வரை இரண்டு செக்கன் ‘தூங்கு’ என்று எழுதியிருந்தேன். நிரல் தூங்கினால் திரையும் சேர்ந்து தூங்கும். ‘தூங்காதே, இரண்டு செக்கனுக்குப் பிறகு என்னைக் கூப்பிடு’ என்று எழுதுவதற்கு ‘ஆஃப்டர்’ என்ற கட்டளை இருக்கிறது. அதைப் போட்ட பின்பு முள் ஓடத் தொடங்கியது. ஐந்தாம் நாள் வெப்பத்துக்கு ஒன்று, ஈரப்பதனுக்கு ஒன்று என்று இரண்டு மானிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உம்மா கதிரையை இழுத்துப் போட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அந்த மாதம் கல்லூரியில் கண்காட்சி வந்தது. மானியைக் கொண்டுவரும்படி டீச்சர் சொன்னார். முட்டைப் பெட்டியைக் கொண்டுபோக முடியாது. உணரி இல்லாமல் முள்ளை எப்படி ஆட்டுவது? கையால் ஆட்டலாமே என்று தோன்றியது. மவுசின் பொத்தானை அழுத்தி இழுக்கும்போது, அது நிற்கும் இடத்துக்கும் வட்டத்தின் மையத்துக்கும் இடையிலான கோணத்தைக் கணக்கிட்டு, அந்தக் கோணத்தை மறுபடி வெப்பமாக மாற்ற வேண்டும். முன்பு செய்த கணக்கின் மறுபக்கம். ஓர் இடத்தில் மாத்திரம் முள் இடது கோடியிலிருந்து வலது கோடிக்குப் பாய்ந்தது. கணினி கோணத்தை ஒரு பக்கம் 180 வரைக்கும், மறுபக்கம் கழித்தல் 180 வரைக்குமே எண்ணுகிறது. இடது கீழ் மூலையில் வந்த கழித்தல் கோணங்களுடன் 360ஐக் கூட்டியதும் பாய்ச்சல் நின்றது.

இன்னும் ஒரு வரி சேர்த்தேன். இழுத்து விட்ட முள் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். உணரி எதையாவது அனுப்பினால் அதைப் பொருட்படுத்தக் கூடாது. பைதன் தமிழ் எழுத்தில் மாறிப் பெயர்களை ஏற்கும். அந்த மாறிக்குக் ‘கை’ என்று பெயர் வைத்தேன். கை பட்டால் ‘கை’ உண்மை. ‘கை’ உண்மையாக இருக்கும்வரை உணரியின் பேச்சு எடுபடாது.

கண்காட்சியில் என் மேசையில்தான் கூட்டம் அதிகம். சின்னப் பிள்ளைகள் முள்ளை இழுத்து இழுத்து விளையாடினார்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று திரை நிறம் மாறியது. உம்மாவும் வந்திருந்தார். அவருடைய கையைப் பிடித்து மவுசின் மேல் வைத்து, முள்ளைப் பச்சைக்கு இழுத்துக் காட்டினேன். பச்சை வந்ததும் உம்மாவின் முகம் மலர்ந்தது.

“இதாலயே கூட்டிக் குறைக்கலாமா மகள்?” என்று கேட்டார்.

பக்கத்தில் இரண்டு பெற்றோர் வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமலே, “ஓம் உம்மா” என்றேன்.

அடுத்த கிழமை உம்மா 48 முட்டை வைத்தார். நான் கண்காட்சிக்குக் கொண்டுபோன அதே நிரலைத்தான் வீட்டிலும் ஓட விட்டேன். தவணைப் பரீட்சை நெருங்கியிருந்தது. ‘கை’ என்ற வரியை அகற்ற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

ஐந்தாம் நாள் இரவு மின்குமிழின் இழை அறுந்தது. யாருக்கும் தெரியாது. வெப்பம் போதுமானதும் குமிழ் தானாக அணைந்து, குறைந்ததும் மறுபடி எரியும். ஆகவே அணைந்திருந்த குமிழைப் பார்த்து உம்மா பதறவில்லை. ஆனால் மானியைப் பார்த்தார். முள் பச்சையை விட்டு நீலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் படித்துக் களைத்துத் தூங்குகிறேன் என்று என்னை எழுப்பவும் இல்லை. நான் கற்றுக்கொடுத்தபடி மவுசைப் பிடித்து, முள்ளை 37.5க்கு இழுத்து வைத்தார். பச்சை வந்தது. நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

மறுநாள் முழுவதும் முள் பச்சையில்தான் நின்றது. நானும் பார்த்தேன். பாடசாலைக்குப் போகும்போது பார்த்தேன், வந்தும் பார்த்தேன். அதற்கடுத்த நாள் காலையில்தான் பக்கத்திலிருந்த ஈரப்பதன் மானி கண்ணில் பட்டது. அது 70ஐத் தாண்டியிருந்தது. காற்று குளிர்ந்தால் அதே நீராவிக்குச் சார் ஈரப்பதன் கூடும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறேன். பெட்டி சூடாக இருந்தால் இந்த எண் வரவே முடியாது. மறுபடி வெப்ப மானியைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த முள் கொஞ்சமும் அசையவில்லை என்பது தெரிந்தது. உண்மையான அளவு ஒருபோதும் அப்படி நிற்காது. 37.4, 37.6, 37.5 என்று நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஓடிப்போய் மூடியைத் தூக்கினேன். உள்ளே இருந்த வெப்பமானி 29 காட்டியது.

அன்றிரவு அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டையாகப் போனின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உயிருள்ள கருவில் சிலந்தி வலைபோல நரம்புகள் பரந்திருக்கும். இறந்துபோனதில் ஒரு சிவப்பு வளையம் மாத்திரம் தெரியும். 48இல் பத்தில் கருவே இல்லை. 29இல் சிவப்பு வளையம். ஒன்பதில்தான் நரம்புகள் தெரிந்தன.

உம்மா அழவில்லை. முட்டைகளை ஒதுக்கிக்கொண்டே, “முள்ளு கீழ எறங்கிச்சி மகள். நான்தான் சரியாக்கி வெச்சன். எனக்கு விளங்காம கையப் போட்டுக் கெடுத்துட்டன்” என்றார்.

“ஏன் உம்மா தொட்டீங்க? என்னை எழுப்பியிருக்கலாமே” என்று மாத்திரம் கேட்டேன். அப்படிக் கேட்டதன் மூலம், பிழை உம்மாவுடையதுதான் என்று ஒத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டுவிட்டேன். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். உம்மா அன்று அடுப்படியில் இருந்தும், கிணற்றடியில் இருந்தும் தன்னைத் தானே நொந்துகொண்டார். “படிக்காதவளுக்கு எதுக்கு இந்த வேல” என்று தம்பியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் பரீட்சைக் கொப்பிக்குள் தலையை வைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு வாப்பா வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, உம்மாவின் மனதை ஆற்றுவதற்காகச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் பெற்றோல் செட்டில காசு குடுக்கிற நேரமெல்லாம் இந்த எண்ணம் வரும். முள்ளக் கையால தள்ளி விட்டா டேங்க் நிரம்பிடுமா எண்டு. என்ன செய்ய, மேல கண்ணாடி போட்டு வெச்சிரிக்கானே!”

உம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியில் நிரலைத் திறந்தேன். ‘கை’ என்ற அந்த வரி அங்கேயே இருந்தது.

லொறியின் மானிக்குக் கண்ணாடி இருக்கிறது. சுவர்க் கடிகாரத்துக்குக் கண்ணாடி இருக்கிறது. நேரத்தை மாற்றுவதற்கான திருகி பின்பக்கம் இருக்கிறது. ஆலைக் கொதிகலத்தின் அழுத்தமானிக்கும் கண்ணாடி உண்டு. தூசு படாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கண்ணாடி இன்னொன்றையும் சொல்கிறது: இது பார்ப்பதற்கு, தொடுவதற்கு அல்ல. மாற்ற வேண்டுமானால் மிதி இருக்கிறது, திருகி இருக்கிறது, அங்கே போய் மாற்று. காஸ் அடுப்பின் குமிழைத் திருப்பினால் நெருப்புக் கூடும். விசிறியின் குமிழைத் திருப்பினால் காற்றுக் கூடும். தன் வாழ்நாளில் உம்மா கையால் திருப்பிய எல்லாப் பொருளும் அவருடைய கைக்குக் கீழ்ப்படிந்தது. நான் கொடுத்த ஒன்றுதான் கீழ்ப்படிவதுபோல நடித்தது. உம்மா பிழை செய்யவில்லை. திரை அவரிடம் பொய் சொன்னது. அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான்.

உம்மாவிடம் போய் அதைச் சொன்னேன். ‘கை’ வரியைத் திரையில் காட்டினேன். கண்காட்சியில் திரும்பிப் பார்க்காமல் சொன்ன ‘ஓம்’ஐயும் நினைவுபடுத்தினேன். உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப சரியாக் கூட்டிக் குறைக்கிற மாதிரிச் செஞ்சி தாங்க மகள்” என்றார்.

அதுதான் சரியான கேள்வி. மானியைத் தொடவே முடியாதபடி செய்வது சுலபம். ஆனால் உம்மாவுக்குத் தேவை, தொட்டால் உண்மையாகவே வேலை செய்யும் ஒரு மானி.

பரீட்சை முடிந்ததும் புதிதாக எழுதினேன். இப்போது அதே வட்டத்தில் இரண்டு குறிகள் உண்டு. முள், உணரி சொல்வதை மாத்திரம் காட்டும். மவுசுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வில்லுக்கு வெளியே மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய முக்கோணம் இருக்கிறது. அதன் பெயர் ‘இலக்கு’. அதைத்தான் இழுக்கலாம். அதுவும் 36.5க்கும் 38.5க்கும் இடையில் மாத்திரமே நகரும். இழுத்து விட்டதும் அந்த எண் அர்டுயினோவுக்குப் போகும். அர்டுயினோதான் மின்குமிழை ஏற்றி அணைக்கும். வீட்டு மின்சாரத்துடன் இணைக்கும் வேலையை, அந்தத் தொழில் தெரிந்த மாமா வந்து செய்து தந்தார். இலக்கை அர்டுயினோ தன்னிடமே வைத்துக்கொள்வதால் கணினியை அணைத்தாலும் பெட்டி சூடாகவே இருக்கும். பத்து செக்கன் வரை உணரியிடமிருந்து எதுவும் வராவிட்டால் முள் சாம்பல் நிறமாகி, எண் மறைந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பழைய எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. குமிழையும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டோம்.

டிடிகே-பூட்ஸ்ட்ராப் என்ற ஒரு தொகுதியில் தயாரான வட்ட மானி இருப்பதைப் பிறகுதான் கண்டேன். அதையும் கையால் இழுக்கக்கூடியதாக மாற்றலாம். ஆனால் அதற்கான தெரிவை நாமாகத் திறந்து விட வேண்டும். சொல்லாவிட்டால் அது மூடியே இருக்கும். அதை எழுதியவர்கள் கண்ணாடியைப் போட்டுத்தான் தந்திருக்கிறார்கள். நான் ஒரு கண்காட்சிக் கைதட்டலுக்காகக் கழற்றி எறிந்திருக்கிறேன்.

அந்த ஒன்பது முட்டைகளில் ஏழு, ஒரு நாள் பிந்திப் பொரித்தன. தம்பியின் சப்பாத்து ஒரு தவணை பிந்தியது. அடுத்த முறை உம்மா மறுபடி 48 முட்டை வைத்தார். மூடியில் கை வைக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, “உள்ளுக்கு இரிக்கிற பழைய வெப்பமானியும் அப்பிடியே இரிக்கட்டும். நாளைக்கு ஒருக்கா ரெண்டையும் ஒத்துப் பாப்பம்” என்றார். நான் முன்பு சொன்னதை உம்மா இப்படித் திருத்தினார். நான் ஒத்துக்கொண்டேன். அந்த முறை 37 குஞ்சுகள் பொரித்தன.

இதை வாசிக்கும் தோழிகளில் பலர் நிரல் எழுதுகிறவர்கள். நாளை நாம் எழுதுவதை நம் வீட்டார் நம்பிப் பாவிப்பார்கள். ‘பிள்ளை செய்தது, பிழைக்காது’ என்ற அந்த நம்பிக்கைதான் மிகவும் பாரமானது. அவர்கள் கேள்வி கேட்கும்போது திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பெற்றோரே, நீங்களும் பிள்ளைகள் செய்து தருவதைத் தொடும் முன் இரண்டு முறை கேளுங்கள். விளங்காவிட்டால் பிழை உங்களிடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போதும் சில இரவுகளில் உம்மா எழும்பி வந்து திரைக்கு முன் நிற்பார். பச்சை இருக்கிறதா என்று பார்ப்பதோடு அவர் போய்விடுவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். முள் ஒரு மயிரளவு இப்படியும் அப்படியும் நடுங்கும்.

“அசையுது மகள்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பார்.